ரத்தம் குடித்த க்யூலெக்ஸ்: குடல் கிழிகிறது, மைக்ரோஃபைலேரியாவும் கண்ணில் படவில்லை

கெடிலக்கரை (கடலூர்)

எம்.எஸ்சி. விலங்கியல் புராஜெக்ட் சம்பந்தமான கேள்வி. கடலூர் முதுநகர், திருப்பாதிரிப்புலியூர் பக்கத்து வீடுகளிலும் ஒட்டியுள்ள மாட்டுக்கொட்டகைகளிலும் விடியற்காலை 6 மணிவாக்கில் ஆஸ்பிரேட்டரால் (கொசுவை உறிஞ்சிப் பிடிக்கும் குழாய்) பிடித்த க்யூலெக்ஸ் குயின்குவேஃபேசியேட்டஸ் பெண் கொசுக்கள். கல்லூரிக்கு எடுத்துவந்து 10, 11 மணிக்குப் பிரிக்கிறோம்.

வயிறு சிவந்து உப்பியிருக்கிற கொசுவில் குடலை இழுத்தால் பாதி வழியிலேயே நடுக்குடல் வெடித்து ரத்தம் சலைனில் கலந்துவிடுகிறது. அந்த ரத்தத்தைத் தேடினாலும் மைக்ரோஃபைலேரியா (யானைக்கால் புழுவின் இளம் லார்வா) ஒன்றுகூட இல்லை. பாடநூலில் படம் போட்டுக் காட்டும் பெரிட்ராபிக் உறையும் (குடித்த ரத்தத்தைச் சுற்றிக் குடலுக்குள் படியும் சவ்வு) தெரியவில்லை. ரத்தம் குடிக்காத சில கொசுக்களில் குடலை ஒட்டி உருண்டை உருண்டையாகக் குமிழ்கள் தெரிகின்றன. அவை ஊசிஸ்டா (மலேரியா ஒட்டுண்ணி குடல் சுவரில் வளரும் கூடு)?

வைவாவில் கட்டாயம் கேட்பார்கள் என்பதால் இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன்: யானைக்கால் புழுவைச் சுமக்கிற அதே கொசு ஏன் மனித மலேரியாவைச் சுமப்பதில்லை?

கோரிமேட்டுக்காரர் (புதுச்சேரி)

மைக்ரோஃபைலேரியா விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதோடு சேர்ந்துதான் வருகிறது. நீங்கள் தேடுகிற இடமும் சரியில்லை, நேரமும் சரியில்லை.

க்யூலெக்ஸ் கடிப்பது பெரும்பாலும் நடுநிசியை ஒட்டி. நம் பக்கத்து யானைக்கால் புழுவான வுச்சரேரியா பேங்க்ராஃப்டியின் மைக்ரோஃபைலேரியாவும் இரவு 10 மணி முதல் 2 மணி வரைதான் மேலோட்ட ரத்தத்தில் மிகுதியாக இருக்கும். அப்படியென்றால் காலை 11 மணிக்கு நீங்கள் திறக்கிற வயிற்றில் இருப்பது பத்து, பதினொரு மணி நேரப் பழைய ரத்தம். உயிரோடிருந்த புழு எப்போதோ கிளம்பிப் போயிருக்கும்.

போகிற வழி இது. ரத்தம் தீனிப்பைக்குப் போகாமல் நேரே நடுக்குடலின் பின்பகுதிக்குப் போகிறது (பூந்தேன், சர்க்கரைத் தண்ணீர்தான் தீனிப்பைக்குப் போகும்). மைக்ரோஃபைலேரியா குடலுக்குள் தன் உறையை உதறிவிட்டு, ப்ரோவென்ட்ரிகுலஸும் (நடுக்குடலின் வாயிலில் உள்ள வால்வுப் பகுதி) நடுக்குடலின் முன்முனையும் இருக்கிற பகுதியில் சுவரைத் துளைத்து உடற்குழிக்குள் இறங்கும். அங்கிருந்து மார்புக்குப் போய், பறக்கும் தசைக்குள் புகுந்துகொள்ளும். முதல் சில மணி நேரத்திலேயே இது நடந்தாக வேண்டும். கொசு குடித்த உடனேயே ரத்தத்திலுள்ள நீரையும் உப்பையும் மால்பிஜியன் குழல்கள் வழியாக வெளியே தள்ளத் தொடங்குகிறது. உள்ளே மிஞ்சுவது கெட்டியாகிக்கொண்டே வரும். அதைச் சுற்றிப் பெரிட்ராபிக் உறை படியும், ட்ரிப்சின் என்ற செரிமான என்சைம் சுரக்கும். தாமதித்த புழு அந்தக் கட்டியிலேயே சிக்கிச் செரிந்துபோகும். சிக்கியவற்றில் ஒன்றிரண்டைத்தான் பகலில் குடலில் பார்க்க வாய்ப்பு, அதுவும் செத்துச் சுருண்டதாக.

ஆகவே மார்பைப் பிரியுங்கள். தசைக்குள் போன புழு நீளம் குறைந்து, தடித்து, ‘சாசேஜ்’ வடிவத்துக்கு வரும். அதுதான் எல்-1, அதாவது முதல் நிலை லார்வா. பிறகு எல்-2. ஏறத்தாழ 10 முதல் 14 நாளில் எல்-3 ஆகித் தலைக்கும் உறிஞ்சுகுழலுக்கும் நகரும். மைக்ரோஃபைலேரியா கால் மில்லிமீட்டர் அளவுதான். எல்-3 ஒன்றரை மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும், நெளிகிற நெளிவிலேயே கண்ணில் படும்.

ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும்: கொசுவுக்குள் இந்தப் புழு பெருகாது. உள்ளே போன ஒரு மைக்ரோஃபைலேரியாவிலிருந்து மிஞ்சினால் ஒரு எல்-3. மலேரியாவில் ஒரே ஊசிஸ்டிலிருந்து ஆயிரக்கணக்கில் ஸ்போரோசாயிட் (மனிதருக்குத் தொற்றும் வடிவம்) வரும். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடுகிற புராஜெக்ட் ரிப்போர்ட்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

ஊசிமுனை

குடல் வெடிப்பதற்கு வருகிறேன். அது கைப்பழக்கக் கோளாறு மட்டும் இல்லை. உப்பிய நடுக்குடல் நீங்கள் போடுகிற சின்னத் துளை வழியாக வராது, இழுத்தால் வெடிக்கத்தான் செய்யும்.

வழக்கமான முறை: கொசுவை ஃபிரிட்ஜில் குளிர்வித்தோ பஞ்சில் ஒரு துளி குளோரோஃபார்ம் விட்டோ மயக்கிக் கொல்லுங்கள். இறக்கை, கால்களை முதலிலேயே பிய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் செதில் உதிர்ந்து துளி முழுக்கக் குப்பையாகும். ஸ்லைடில் ஒரு துளி 0.65% சலைன் (100 மி.லி. காய்ச்சி வடித்த நீருக்கு 0.65 கிராம் உப்பு). இடக்கை ஊசி மார்பைப் பிடிக்கட்டும். வலக்கை ஊசியால் வயிற்றின் 6, 7ஆம் கண்டங்களுக்கு இடையில் இரண்டு பக்கமும் லேசாகக் கீறி, கடைசிக் கண்டத்தை அழுத்திப் பிடித்து, வெட்டி இழுக்காமல் ஒரே சீராக இழுக்க வேண்டும். பின்குடல், ஐந்து மால்பிஜியன் குழல்கள், சூலகங்கள், நடுக்குடல் என்ற வரிசையில் வெளியே வரும். ரத்தம் செரித்து முடிந்த கொசுவில் இது அழகாக வரும்.

ரத்தம் நிறைந்த கொசுவுக்கு இந்த முறையே வேண்டாம். வயிற்றின் மேல் தகட்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் நடுவே பக்கவாட்டில் மெல்லிய சவ்வு ஓடுகிறது. அதை நெடுக்கக் கீறித் திறந்து, குடலை அப்படியே மிதக்க விடுங்கள்.

யானைக்கால் புழுவைத் தேடுவதுதான் நோக்கம் என்றால் முழுக் குடலே தேவையில்லை. தலை, மார்பு, வயிறு மூன்றையும் தனித்தனியாக வெட்டி மூன்று துளிகளில் வைத்து, ஊசியால் நார் நாராகப் பிரித்து, சில நிமிடம் விட்டுவிட்டு 10x லென்ஸில் பாருங்கள். ஒரு துளியிலிருந்து அடுத்த துளிக்குப் போகும்போது ஊசியைக் கட்டாயம் துடைக்க வேண்டும். எல்-3 ஊசியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், தலையில் இருந்தது வயிற்றில் பதிவாகும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். மே மாதக் கடலூரில் இது கொடுமைதான். ஆனால் துளி காய்ந்து ஓரத்தில் உப்புப் படிகம் கட்டினால் புழு சுருங்கி அசைவை நிறுத்திவிடும். அசைவு இல்லாவிட்டால் புதியவர் கண்ணுக்கு அது தசை நார் மாதிரிதான் தெரியும். இதே காரணத்தால் கொசுவை ஃபிரீசரில் மணிக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள்.

அந்தக் குமிழ்கள் அநேகமாகத் தீனிப்பையிலுள்ள காற்றுக் குமிழ்கள். தீனிப்பை மெல்லிய பை. காலியாக இருக்கும்போது உள்ளே பளபளவென்று, விளிம்பு கறுத்து, ஆளுக்கொரு அளவில் குமிழ்கள் இருக்கும். கவர்ஸ்லிப்பை லேசாக அழுத்தினால் ஒன்றோடு ஒன்று சேரும், உடையும். ஊசிஸ்ட் அப்படி இல்லை. அது நடுக்குடலின் வெளிச்சுவரில் பதிந்திருக்கும், அழுத்தினாலும் நகராது. இளசாக இருந்தால் உள்ளே நிறமித் துகள்கள் தெரியும். 0.5% மெர்குரோக்ரோம் துளியில் சில நிமிடம் வைத்தால் சாயம் ஏறித் தெளிவாகும். குடலில் ரத்தம் மிச்சமிருந்தால் இந்தச் சாயம் எதற்கும் உதவாது.

கோரிமேட்டுக்காரர் (புதுச்சேரி)

மேலே சொன்னதோடு ஒன்று. க்யூலெக்ஸ் குடலில் உண்மையிலேயே ஊசிஸ்ட் கிடைத்தாலும் துள்ளிக் குதிக்க வேண்டாம். அது பறவை மலேரியா. ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாதில் மலேரியா பரப்பும் அனோஃபிலிஸ் கொசுவின் குடலில் ஊசிஸ்டைக் கண்டார். முழு வாழ்க்கைச் சுழற்சியையும் உமிழ்நீர்ச் சுரப்பி வரை 1898இல் கல்கத்தாவில் அவர் காட்டியது பறவை மலேரியாவை வைத்து, க்யூலெக்ஸில்தான். மாட்டுக்கொட்டகையில் பிடித்த கொசு பக்கத்து மரத்துக் காக்கையையும் கடித்திருக்கலாம்.

கெடிலக்கரை (கடலூர்)

ரொம்ப நன்றி சார், இனி மார்பில் தேடுகிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். ட்ரிப்சின் சுரக்கிற இடத்தில் மலேரியா ஒட்டுண்ணி மட்டும் எப்படித் தப்பிக்கிறது? பெரிட்ராபிக் உறையைப் பார்க்க, ஆய்வகத்தில் வளர்த்த கொசுவுக்கு ஆட்டு ரத்தம் கொடுத்து மணிக்கணக்கு வைத்துப் பிரிக்கலாம் என்று எங்கள் மேடம் சொல்கிறார்கள். அதற்கு என்னென்ன வேண்டும்?

குடலியல்

முதல் கேள்விக்கு என் பதில். மலேரியா ஒட்டுண்ணி தப்பிப்பதோடு நிற்பதில்லை, கொசுவின் என்சைமையே தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்கிறது.

மனித உடலிலிருந்து குடலுக்குள் விழுந்ததும் வெப்பநிலை சட்டென்று குறைகிறது, பி.எச். கொஞ்சம் ஏறுகிறது, கொசுவுக்குள் இருக்கும் சாந்தூரெனிக் அமிலம் தொடுகிறது. இவை சேர்ந்ததும் ஆண் கேமிட்டோசைட் (ஒட்டுண்ணியின் பாலின நிலை) 10, 15 நிமிடத்தில் வால் போன்ற எட்டு ஆண் பாலணுக்களாக வெடித்துப் பிரியும். கருவுற்று, 18 முதல் 24 மணி நேரத்தில் நகரக்கூடிய ஊகினீட் ஆகும். இதற்குள் பெரிட்ராபிக் உறை படிந்திருக்கும். உறையின் எலும்புக்கூடு மாதிரி இருப்பது கைட்டின். அதை அறுக்க ஊகினீட் கைட்டினேஸ் சுரக்கிறது. கோழி மலேரியாவான பிளாஸ்மோடியம் காலினேசியத்தில் இந்த கைட்டினேஸ் செயலற்ற வடிவில் வெளியே வருகிறது என்றும், அதை வெட்டி முடுக்கிவிடுவது கொசுவின் ட்ரிப்சின்தான் என்றும் காட்டியிருக்கிறார்கள். செரிமானம் உச்சத்தில் இருக்கும் நேரம்தான் அதற்குக் கதவு திறக்கிறது. கைட்டினேஸைத் தடுக்கிற அல்லோசமிடின் என்ற பொருளை ரத்தத்தில் கலந்து கொடுத்தால் ஊசிஸ்ட் உண்டாவது தடைபடுகிறது.

அதற்குப் பிறகும் எல்லாம் சுலபமில்லை. குடல் செல்லைத் துளைத்துக் கடக்கும்போதுதான் கொசுவின் எதிர்ப்பு அமைப்பு தாக்குகிறது. குடலுக்குள் ரத்தம் போனதும் அங்குள்ள பாக்டீரியா பல மடங்கு பெருகும், அவையும் ஒட்டுண்ணிக்குத் தொல்லை. ஆன்டிபயாடிக் கொடுத்துப் பாக்டீரியாவைக் குறைத்த அனோஃபிலிஸில் மலேரியா தொற்று கூடுகிறது. கடந்துபோனவை குடல் சுவரின் வெளிப்புற அடிச்சவ்வுக்குக் கீழே ஊசிஸ்டாக உட்காரும்.

உங்கள் வைவா கேள்விக்கான விடையும் இங்கேதான். மனித பிளாஸ்மோடியம் இந்தப் படிகளைத் தாண்டி வளர்வது அனோஃபிலிஸ் பேரினத்தில் மட்டும். க்யூலெக்ஸில் அது குடலோடு முடிந்துவிடுகிறது. வுச்சரேரியாவுக்கோ உறை படிவதற்கு முன்பே ஓடிவிடுகிற வசதி இருக்கிறது, பிறகு அதற்குத் தேவை தசை மட்டும்தான்.

ஆனால் புழுவுக்கும் ஒரு தடை உண்டு, அது குடலுக்கு முன்னால் தொண்டையில். அனோஃபிலிஸின் உறிஞ்சுபம்பில், சிபேரியம் என்ற பகுதியில், பல் வரிசை இருக்கிறது. ரத்தத்தோடு வரும் மைக்ரோஃபைலேரியாவை அது கிழித்துவிடும். க்யூலெக்ஸ் குயின்குவேஃபேசியேட்டஸில் இது வலுவாக இல்லை. விளைவு முக்கியமானது: ஒருவர் ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா மிகக் குறைவாக இருந்தாலும் க்யூலெக்ஸில் அதில் ஓரளவு பிழைத்து வளரும். எண்ணிக்கை கூடக் கூடப் பிழைக்கும் விகிதம் குறையும். அனோஃபிலிஸில் இது தலைகீழ். க்யூலெக்ஸ் பரப்புகிற கடலூர், புதுச்சேரி மாதிரி ஊர்களில் யானைக்கால் தடுப்புக்கான டி.இ.சி. மாத்திரை கொடுத்து ரத்தத்தில் புழு எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்த பிறகும் ஏன் கண்காணிப்பைக் கைவிட முடியாது என்பதற்கு இந்தத் தொண்டைப் பல்தான் ஒரு காரணம். மாத்திரையை வாங்கி அலமாரியில் வைக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

குடலைக் கடக்காமலே வேலையை முடிக்கிற ஒட்டுண்ணியும் இருக்கிறது. காலா-அசார் பரப்பும் மணல் ஈயில் லீஷ்மேனியா குடலுக்குள்ளேயே இருந்துகொள்ளும். உறை சிதைந்ததும் மலத்தோடு அடித்துப் போகாமல் குடல் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்கும், பிறகு முன்னோக்கி நகர்ந்து, பிசின் போன்ற பொருளால் வாயிலை அடைத்து, வால்வையும் பழுதாக்கும். ஈ அடுத்து கடிக்கும்போது உறிஞ்ச முடியாமல் கக்கும்.

ஊசிமுனை

ஆட்டு ரத்தம் கொடுப்பது பற்றி.

கொசு 3 முதல் 5 நாள் வயதாக இருக்கட்டும். 12 முதல் 24 மணி நேரம் முன்பே சர்க்கரைக் கரைசலை எடுத்துவிடுங்கள், தண்ணீர்ப் பஞ்சை மட்டும் கொஞ்ச நேரம் விட்டுவைத்து அதையும் எடுங்கள். ஹெப்பாரின் கலந்த புதிய ரத்தம், சுற்றிலும் வெந்நீர் ஓடும் கண்ணாடி ஃபீடர், அடியில் மெலிசாக இழுத்துக் கட்டிய பாராஃபிலிம் (நீளக்கூடிய மெழுகுப் படலம்). ரத்தம் 37, 38 டிகிரியில் நிற்க வேண்டும். சூடு குறைந்தால் கொசு அவ்வளவாக உட்காராது. 40ஐத் தாண்டினால் ரத்தம் கெடும். செல்கள் அடியில் படியாமல் இருக்க அவ்வப்போது மெதுவாகக் கலக்குங்கள், இல்லாவிட்டால் ஒரு கொசுவுக்குச் சீரமும் இன்னொன்றுக்குச் செல்லும் போகும்.

க்யூலெக்ஸ் இதில் பிகு பண்ணும், ஏடிஸ் போல உடனே குடிக்காது. இருட்டில், இரவு நேரத்தில் வையுங்கள். பாராஃபிலிமுக்குப் பதிலாகக் கறிக்கடையில் கிடைக்கும் கோழித்தோலைக் கொழுப்பு நீக்கிக் கட்டினால் நன்றாகவே வரும். உயிருள்ள கோழியை வைக்க நினைத்தால் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். புழு உள்ள மனித ரத்தம் கொடுக்கிற வேலை கல்லூரி ஆய்வகத்துக்கு உரியதே அல்ல.

குடித்து முடித்த நேரத்தைக் கூண்டுக்குக் கூண்டு எழுதிவைத்து 2, 6, 12, 24, 48 மணியில் பிரியுங்கள். உறையைப் பார்க்கப் புதுக் குடலைவிட 70% ஆல்கஹாலில் கொஞ்ச நேரம் போட்ட குடல் மேல். ரத்தம் உறைந்து கட்டியாகிவிடும். பிறகு குடல் சுவரை ஊசியால் வாழைப்பழத் தோல் மாதிரி உரித்தால், கட்டியின் மேல் கண்ணாடிக் காகிதம் போல ஒரு படலம் தனியாக எழும். அதுதான். இரண்டு மணி நேரக் கொசுவில் அது இருக்காது, 24 மணி நேரக் கொசுவில் தெளிவாக இருக்கும். ஏடிஸில் சீக்கிரம் தொடங்கும், அனோஃபிலிஸில் தாமதமாகும். ஒன்றைப் பார்த்து மற்றதற்கு எழுதிவிடாதீர்கள்.

கூண்டு 26 முதல் 28 டிகிரி, ஈரப்பதம் 70 முதல் 80%. ஏ.சி. மட்டும் போட்டால் காற்று வறண்டு கொசு செத்துவிடும், ஈரத்துணி போர்த்துங்கள்.

உப்பளம் 605

0.65% பற்றி ஒரு சின்ன மறுப்பு. பழைய கைநூல்களில் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் கொசுவின் உடல்நீர் அந்த அளவுக்கு நீர்த்தது இல்லை. மருந்துக்கடையில் கிடைக்கிற 0.9% சலைனே நெருக்கமாக இருக்கும், மால்பிஜியன் குழல் உப்பாமல் நிற்கும். பி.எச். 7.2 அளவில் பாஸ்பேட் பஃபர் சலைன் கிடைத்தால் இன்னும் நல்லது. குழாய்த் தண்ணீர் மட்டும் கூடாது, செல்கள் வீங்கி வெடிக்கும்.

ஊசிமுனை

ஒப்புக்கொள்கிறேன், ஐந்து நிமிட வேலைக்கு எதுவும் ஓடும். குடலை வெளியே வைத்து நேரம் கடத்துவதாக இருந்தால் பஃபர்தான்.

கோரிமேட்டுக்காரர் (புதுச்சேரி)

தம்பி, ரிப்போர்ட் எழுதும் முன் இன்னும் சில.

மாட்டுக்கொட்டகைக் கொசுவையும் வீட்டுக் கொசுவையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். மாட்டின் செட்டேரியா டிஜிடேட்டா புழுவின் லார்வாவும் கொசுவில்தான் வளர்கிறது, நாய்ப் புழுவும் உண்டு. எல்-3 கிடைத்தால் அதன் வால் நுனியைப் பாருங்கள். வுச்சரேரியாவுக்கு மூன்று உருண்டைப் புடைப்புகள் ஏறக்குறைய ஒரே அளவில் தெளிவாக இருக்கும். அது தெரியாவிட்டால் ‘ஃபைலேரியா லார்வா’ என்று மட்டும் எழுதுங்கள், வுச்சரேரியா என்று எழுதாதீர்கள்.

எந்த நிலை லார்வா இருந்தாலும் அது ‘தொற்று விகிதம்’. எல்-3 இருந்தால் மட்டும் ‘தொற்றவைக்கும் விகிதம்’. இரண்டையும் பிரித்து எழுதாத அட்டவணையைத் தேர்வாளர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார். பி.சி.ஆர். பண்ணப்போவதாக இருந்தால் இந்த வேறுபாடு அடியோடு மறைந்துபோகும். குடல் ரத்தத்தில் செத்துக் கிடக்கும் மைக்ரோஃபைலேரியாவின் டி.என்.ஏ.வும் பாசிட்டிவ் காட்டும், புழுவை வளர்க்கவே முடியாத கொசுவிலும் காட்டும். அந்த ஊரில் யாரோ ஒருவர் ரத்தத்தில் புழு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி, அந்தக் கொசு பரப்புகிறது என்பதற்கு இல்லை.

எல்-3 வேண்டுமானால் ரத்தம் குடித்த கொசுவைவிட வயதான கொசுதான் கைகொடுக்கும். வைக்கோல் ஊறிய தண்ணீர் வைத்த கிராவிட் டிராப்பில் முட்டையிட வருகிறவை ஒரு முறையாவது ரத்தம் குடித்தவை. அல்லது காலையில் பிடித்தவற்றை 10% சர்க்கரைக் கரைசல் பஞ்சோடு இரண்டு வாரம் உயிரோடு வைத்துப் பிரியுங்கள். அப்படி வைத்தால் கூண்டுக்கு இரட்டை வலை போடுங்கள், கொசுவைக் கொன்ற பிறகே வெளியே எடுங்கள். எல்-3 கடிவாய் வழியாகத்தான் உடலுக்குள் நுழையும், ஆனாலும் கையில் கீறல் இருந்தால் கையுறை இல்லாமல் உட்காராதீர்கள்.

சரியான ஸ்லைடுகளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. புதுச்சேரி இந்திரா நகரில் 1975இலிருந்து இயங்கும் ஐ.சி.எம்.ஆர். நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் கடலூரிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். துறைத்தலைவர் கடிதத்தோடு எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

கெடிலக்கரை (கடலூர்)

கேட்கிறோம் சார். பிடித்த நேரம், வயிற்றின் நிலை, வீடா கொட்டகையா, இந்த மூன்றையும் ஒவ்வொரு டியூபிலும் எழுதினால் போதுமா?

ஊசிமுனை

பிரித்த நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். பேனா வேண்டாம், பென்சிலால் சீட்டு எழுதி டியூபுக்கு உள்ளே போடுங்கள். ஆல்கஹால் பட்டால் மார்க்கர் மை கரைந்துவிடும்.